கேரர் ஏன் நிற்பதில்லை: லண்டனில் ரோட்டா போடுகிறவளின் அனுபவம்

இங்கிலாந்தில் வயதானவர்களை வீட்டுக்கே வந்து பார்த்துக்கொள்ளும் கேரர் வேலையைப் பற்றி எந்தக் கூட்டத்தில் பேச்சு எடுத்தாலும், முதலில் காதில் விழுவது "ஆள் கிடைப்பதில்லை" என்பதுதான். உள்ளூராட்சியான கவுன்சிலின் அதிகாரி சொல்வார், கேரர்களை அனுப்பும் ஏஜென்சியை நடத்துகிறவர் சொல்வார், நோயாளியை டிஸ்சார்ஜ் செய்யக் காத்திருக்கும் நர்ஸும் சொல்வார். கிழக்கு லண்டனில் கேரராக வேலையைத் தொடங்கி, பிறகு மற்றவர்களுக்கு ரோட்டா, அதாவது யார் எந்த வீட்டுக்கு எப்போது போவது என்ற அட்டவணை, போடும் ஒருங்கிணைப்பாளராகி, இப்போது ஒரு சிறிய ஏஜென்சியில் மேனேஜராக இருக்கிறேன். நான் பார்த்த வரை ஆள் கிடைக்கிறார்கள், ஆனால் நிற்பதில்லை. பயிற்சி கொடுத்து, சட்டை கொடுத்து, வீடு வீடாக அழைத்துப்போய் அறிமுகம் செய்துவைத்த ஒருவர் சில மாதத்தில் சூப்பர்மார்க்கெட் கல்லாவுக்கோ கிடங்கு வேலைக்கோ போய்விடுகிறார். முதியவர்கள் மேல் பாசம் குறைந்து போகிறவர்கள் மிகக் குறைவு. ரோட்டா தாங்காமல்தான் போகிறார்கள்.

ஸ்கில்ஸ் ஃபார் கேர் என்ற அமைப்பு ஆண்டுதோறும் இந்தத் துறையின் கணக்கை எடுக்கிறது. இங்கிலாந்தில் 2021-22இல் நூற்றுக்குப் பத்துக்கும் மேற்பட்ட இடங்கள் காலியாகக் கிடந்தன. 2024-25இல் அது 7 சதவீதமாக, ஏறக்குறைய 1,11,000 இடங்களாகக் குறைந்தது. 2022 பிப்ரவரியில் கேரர்களுக்கு விசா திறந்துவிடப்பட்டதே இதற்கு முக்கியக் காரணம். பிறகு 2024 மார்ச்சில், கேரர்கள் கணவன் மனைவி பிள்ளைகளை உடன் அழைத்து வருவது தடுக்கப்பட்டது. 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதே நின்றுவிட்டது. இனி இங்கே இருக்கிறவர்களைத் தக்கவைத்துக்கொண்டால்தான் உண்டு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் ஓர் உயரமான கவுன்சில் குடியிருப்பு இருக்கிறது. காலை எட்டு மணிக்கு அதன் லிஃப்டில் ஏறினால் நீலச் சட்டை, ஊதாச் சட்டை, பச்சைச் சட்டை, வெள்ளைச் சட்டை என்று நான்கு ஏஜென்சி கேரர்களை ஒன்றாகப் பார்க்கலாம். ஒருவர் மூன்றாம் மாடியில் ஒரு தாத்தாவுக்கு மாத்திரை கொடுக்கிறார். இன்னொருவர் அதே மாடியில் எதிர் வீட்டில் ஒரு பாட்டியைக் குளிப்பாட்டுகிறார். முடித்ததும் முதலாமவர் இரண்டு பஸ் மாறி அடுத்த வீட்டுக்கு ஓடுகிறார். அவர் போய்ச்சேரும் தெருவிலிருந்து வேறொரு ஏஜென்சியின் கேரர் இந்தக் கட்டடத்துக்கு வந்துகொண்டிருக்கிறார். நான்கு பேருடைய காலையும் பாதி ரோட்டில் கரைகிறது, அந்தப் பாதிக்கு யாரும் காசு கொடுப்பதில்லை.

இது திட்டமிட்டு வந்த நிலைமை இல்லை. ஒரு காலத்தில் 'ஹோம் ஹெல்ப்' என்று கவுன்சிலின் சொந்த ஊழியர்களே இந்த வேலையைச் செய்தார்கள். 1990இல் ஒரு சட்டம் வந்து 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதோடு மத்திய அரசு கொடுத்த சிறப்பு மானியத்தில் 85 சதவீதத்தைத் தனியார், தொண்டு அமைப்புகளிடமே செலவழிக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். கவுன்சில்கள் வேலை செய்கிற இடத்திலிருந்து, வேலையை விலைக்கு வாங்குகிற இடத்துக்கு நகர்ந்தன. இன்றைக்கு இங்கிலாந்தில் இந்தப் பொறுப்புள்ள 153 கவுன்சில்களும் ஆயிரக்கணக்கான நிறுவனங்களிடமிருந்து மணிக்கணக்கில் பராமரிப்பை வாங்குகின்றன.

எப்படி வாங்குகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மின்னஞ்சல் வரும். மருத்துவமனையிலிருந்து ஒருவர் வீடு திரும்புகிறார், தினமும் நான்கு விசிட், அதில் இரண்டுக்கு இரண்டு கேரர் வேண்டும், யார் எடுக்கிறீர்கள்? பட்டியலில் உள்ள ஏஜென்சிகள் அனைத்துக்கும் அதே மின்னஞ்சல். முதலில் பதில் போடுகிறவருக்கு, அல்லது குறைந்த விலை சொல்கிறவருக்கு அந்த வீடு. அந்த வீடு அவருடைய மற்ற வீடுகளுக்குப் பக்கத்திலா என்று யாரும் கேட்பதில்லை. ஏஜென்சிக்கும் மணி நேரம் குறைந்தால் அலுவலக வாடகை கட்ட முடியாது, ஆகவே எடுத்துவிடும். இப்படி வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாகச் சேர்ந்ததுதான் அந்த லிஃப்டில் நிற்கும் நான்கு சட்டைகள்.

சம்பளக் கணக்கையும் பார்த்துவிடலாம். என்னிடம் வேலை கேட்டு வந்த ஒரு பெண் முந்தைய இடத்தின் ரோட்டாவையும் பேஸ்லிப்பையும் காட்டினார். காலை 7 மணிக்கு முதல் வீடு, மதியம் 1 மணிக்குக் கடைசி வீட்டிலிருந்து வெளியே. ஆறு மணி நேரம். அதில் வீடுகளுக்குள் இருந்தது நான்கு மணி நேரம். விளம்பரத்தில் மணிக்கு 13.50 பவுண்டு என்று போட்டிருந்தார்கள், 2025 ஏப்ரலில் வந்த குறைந்தபட்ச ஊதியமான 12.21 பவுண்டைவிட அதிகம்தான். ஆனால் கைக்கு வந்தது 54 பவுண்டு. ஆறால் வகுத்தால் மணிக்கு 9 பவுண்டு. பஸ் காசும் அவர் கையிலிருந்து.

ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும் நேரம் வேலை நேரம்தான், குறைந்தபட்ச ஊதியக் கணக்கில் அது சேர வேண்டும் என்பது சட்டம். நம் வீட்டிலிருந்து முதல் வீட்டுக்குப் போவதும், கடைசி வீட்டிலிருந்து திரும்புவதும் மட்டும் சேராது. 2020இல் லண்டனின் ஹாரிங்கே பகுதியில் வேலை பார்த்த கேரர்கள் தொடுத்த வழக்கில், பயண நேரத்தோடு விசிட்டுகளுக்கு நடுவே காத்திருந்த நேரத்தையும் தொழிலாளர் தீர்ப்பாயம் வேலை நேரமாக எடுத்துக்கொண்டது. இதைப் படிக்கும் கேரர்கள் யாராக இருந்தாலும் ஒன்று செய்யுங்கள். தினமும் முதல் வீட்டுக்குள் நுழைந்த நேரத்தையும், கடைசி வீட்டை விட்டு வந்த நேரத்தையும், நடுவில் உண்மையிலேயே வீட்டுக்குப் போய் ஓய்வெடுத்த நேரம் இருந்தால் அதையும் ஒரு சின்ன நோட்டில் எழுதுங்கள். மாதக் கடைசியில் மொத்தச் சம்பளத்தை அந்த மணிகளால் வகுத்துப் பாருங்கள். குறைந்தபட்ச ஊதியத்தைவிடக் குறைந்தால், வேலை உரிமைகளுக்கு ஆலோசனை தரும் ஏகாஸ் (Acas) அமைப்பின் உதவி எண்ணில் இலவச ஆலோசனை கிடைக்கும். குறைந்தபட்ச ஊதியத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பிடம் பெயர் சொல்லாமலும் புகார் கொடுக்கலாம், ஆறு ஆண்டு வரை பின்னோக்கிப் பாக்கியை வாங்கித்தர அவர்களுக்கு அதிகாரம் உண்டு. ஏஜென்சி போட்டுவைத்திருக்கும் செயலியில் எல்லா நேரமும் பதிவாகிறதே என்று இருந்துவிடாதீர்கள். வேலையை விட்ட அன்றைக்கே அதற்குள் நுழைய முடியாமல் போகும். நோட்டு உங்களிடமே இருக்கும்.

ஏஜென்சி முதலாளிகள் எல்லாரும் கொள்ளையடிக்கிறார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. சம்பளத்துக்கு மேல் விடுமுறைச் சம்பளம், ஓய்வூதியப் பங்கு, பயிற்சி, காப்பீடு, குற்றப் பின்னணிச் சோதனை, அலுவலகம் எல்லாம் இருக்கிறது. 2025 ஏப்ரலில், சம்பளத்தின் மேல் முதலாளி அரசுக்குக் கட்டும் தேசியக் காப்பீடு 13.8 சதவீதத்திலிருந்து 15 சதவீதமானது, அது தொடங்கும் சம்பள வரம்பும் ஆண்டுக்கு 9,100 பவுண்டிலிருந்து 5,000க்கு இறங்கியது. பகுதி நேர ஆட்களை அதிகம் வைத்திருக்கும் எங்கள் தொழிலுக்கு இது பெரிய அடி. ஹோம்கேர் அசோசியேஷன் என்ற தொழில் அமைப்பு, சட்டப்படி எல்லாம் கொடுத்தால் இங்கிலாந்தில் 2025-26க்கு ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தபட்சம் 32.14 பவுண்டு ஆகும் என்று கணக்குப் போட்டது. அதைவிடப் பல பவுண்டு குறைவாகக் கொடுக்கும் கவுன்சில்கள் உண்டு. அந்த விலைக்குக் கையெழுத்துப் போடுகிற ஏஜென்சி எங்கேயோ ஒரு இடத்தில் வெட்டத்தான் போகிறது. வெட்ட எளிதான இடம் பயண நேரம்.

சரி, இதனால் படுக்கையில் இருப்பவருக்கு என்ன ஆகிறது?

டிமென்ஷியா என்ற மறதி நோய் வந்த ஒரு யாழ்ப்பாணத்து அம்மா எங்களிடம் இருந்தார். காலை விசிட்டில் உணவு, மாத்திரை, முகம் கழுவி உடை மாற்றுவது என்று கேர் பிளானில் வரிசை. செயலியைத் திறந்தால் நாளுக்கொரு கேரர் பெயர், ஆனால் குறிப்பு மட்டும் ஒன்றே: "காலை உணவை மறுத்துவிட்டார்." எடை இறங்கிக்கொண்டே போனது. டாக்டர் சத்துப் பானம் எழுதிக்கொடுத்தார், அதையும் தள்ளிவிட்டார். அடுத்தது விழுங்குவதில் சிக்கலா என்று சோதிக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சமயத்தில் ரோட்டாவை மாற்றியதில், கானா நாட்டுப் பெண் ஒருவர் தொடர்ந்து காலையில் அங்கே போக நேர்ந்தது. அவருக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் ஒவ்வொரு நாளும் தட்டைத் தள்ளும்போது அந்த அம்மாவின் கண் அலமாரியில் இருந்த முருகன் படத்துப் பக்கம் போவதைக் கவனித்துவிட்டார். மறுநாள் முதலில் முகம் கழுவிவிட்டு, சேலையைச் சரிசெய்து, சக்கர நாற்காலியை அந்தப் படத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். அம்மா கையெடுத்துக் கும்பிட்டார், திருநீறு இருந்த கிண்ணத்தைத் தேடினார். பூசிக்கொண்ட பிறகு கஞ்சி முழுக்க உள்ளே போனது. கேர் பிளானில் இரண்டு வரிகளை மேலும் கீழும் மாற்றி எழுதினேன். தீப்பிடிக்கும் பயம் வேண்டாம் என்று மகன் ஒரு பேட்டரி விளக்கு வாங்கி வைத்தார். நான் மேற்பார்வைக்குப் போனபோது அந்த அம்மா கேரரைப் "பிள்ளை, இஞ்ச வா" என்று கூப்பிட்டதைக் கேட்டேன். அவரும் "யெஸ் மம்மி" என்று வந்தார்.

நம் குடும்பங்கள் தமிழ் தெரிந்த கேரர் வேண்டும் என்று கேட்பது நியாயமான ஆசை. கிடைத்தால் பெரிய பாக்கியம். ஆனால் வாரத்துக்கு ஆறு வெவ்வேறு தமிழ் முகங்கள் வருவதைவிட, தினமும் வரும் ஒரே கானா முகம் மேல் என்பது என் முடிவு. மறுத்துவிட்டார் என்று எழுதுவதற்கு ஒரு நாள் போதும். ஏன் மறுக்கிறார் என்று தெரிவதற்கு அடுத்தடுத்த நாட்கள் வேண்டும்.

நாங்கள் செய்த மாற்றம் பெரிய அறிவியல் இல்லை. ஒரு வரைபடத்தை அச்செடுத்து, நம் வீடுகள் எங்கே எங்கே என்று புள்ளி வைத்தோம். புள்ளிகள் நெருக்கமாக இருந்த பகுதிகளை மட்டும் நம் பேட்டை என்று வைத்துக்கொண்டோம். தூரத்தில் தனியாகக் கிடந்த வீடுகளை, அந்தப் பக்கம் அதிகம் வேலை செய்யும் இன்னொரு ஏஜென்சியிடம் கொடுத்து, எங்கள் பேட்டையில் அவர்களுக்கு இருந்த வீடுகளை வாங்கிக்கொள்ள முயன்றோம். இரண்டு ஏஜென்சி பேசிக்கொண்டால் மட்டும் இது நடக்காது. கவுன்சிலின் சம்மதம் வேண்டும், அதைவிட முக்கியமாக அந்த வீட்டுக்காரரின், அதாவது பராமரிப்புப் பெறுகிறவரின், சம்மதம் வேண்டும். சிலர் பழகிய கேரரை விட மாட்டோம் என்றார்கள், அவர்களை அப்படியே விட்டுவிட்டோம். மாதக்கணக்கில் இழுத்த வேலை இது. பாதி மாறியதுமே காலை ரோட்டாவில் பஸ் பயணம் நடைப் பயணமானது.

அடுத்தது ஷிஃப்ட் சம்பளம். காலை 7 முதல் 1 வரை என்றால் ஆறு மணிக்கும் சம்பளம், நடுவில் என்ன நடந்தாலும். ஹோய்ஸ்ட் என்ற தூக்கும் கருவி வைத்து ஆளைத் தூக்க வேண்டிய வீட்டில் இரண்டாவது கேரர் தாமதமானால், முதலாமவர் வாசலில் காத்திருப்பது இலவச உழைப்பாக இருந்தது போய், அதுவும் வேலை நேரமானது. பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். பயணம் குறைந்ததில் ஒரு பங்கு. ஆள் போய் ஆள் எடுக்கும் செலவு குறைந்ததில் இன்னொரு பங்கு. ஒவ்வொரு புதிய ஆளுக்கும் விளம்பரம், பின்னணிச் சோதனை, ஆரம்பப் பயிற்சி, மூத்த கேரரோடு கூட நடக்கும் நாட்கள் என்று போகும் பணத்தை எந்த ஏஜென்சியும் ஒரே இடத்தில் எழுதிக் கூட்டிப் பார்ப்பதில்லை. கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், அதிர்ந்துபோவார்கள்.

நிச்சயமான மணி நேர ஒப்பந்தத்தை எல்லாருக்கும் திணிக்கவில்லை. மாணவர்களும் சின்னப் பிள்ளைகள் உள்ள அம்மாக்களும் வேண்டும்போது வேலை என்ற ஏற்பாட்டையே கேட்டார்கள். மற்றவர்களுக்கு வாரத்துக்கு 16, 24, 30 மணி என்று தேர்வு கொடுத்தோம். இதில் ஒரு சிக்கல் உண்டு. வீட்டுக்காரர் மருத்துவமனைக்குப் போய்விட்டால் அவருடைய மணி நேரம் அன்றே மறைந்துவிடும், கேரரின் சம்பளம் மறையாது. அந்த இடைவெளியில் புதியவர்களைக் கூட அழைத்துப்போகச் சொன்னோம், மாத்திரைப் பதிவுத் தாள்களைச் சரிபார்க்கச் சொன்னோம், தனியாக இருக்கும் சிலருடன் வெறுமனே போய் அரை மணி உட்கார்ந்து பேசச் சொன்னோம். கடைசியாகச் சொன்னதுதான் கேரர்களுக்கு மிகவும் பிடித்தது.

நெதர்லாந்தில் 2006இல் யோஸ் டி பிளோக் என்ற நர்ஸ் தொடங்கிய பியூர்ட்ஸோர்க் அமைப்பில், பன்னிரண்டு பேருக்கு மிகாத சின்னக் குழுக்கள் ஒரு பகுதியைத் தாங்களே பார்த்துக்கொள்கின்றன, ரோட்டாவும் அவர்களே போடுகிறார்கள். அவர்கள் நர்ஸ்கள், பணம் வருகிற வழியும் வேறு, அதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. ஆனால் ஒன்றை எடுத்துக்கொண்டோம். ஞாயிறு யார், பண்டிகைக்கு யார் என்பதை ஒவ்வொரு பேட்டைக் குழுவும் தங்களுக்குள் பேசி முடிவெடுக்கும். தீபாவளிக்குக் கானாக்காரர்கள் ஏற்றுக்கொண்டார்கள், கிறிஸ்துமஸுக்கு நம்மவர்கள். வாரம் ஒரு முறை நூலகத்தில் ஒரு மேசையில் கூடிப் பேசுவார்கள், அதற்கும் சம்பளம் உண்டு. வாட்ஸப் குழு வைத்தால் வீட்டுக்காரர் பெயர், முகவரி, கீ சேஃப் (வாசலில் சாவி வைக்கும் பெட்டி) எண், புகைப்படம் எதையும் அதில் போடக்கூடாது என்பதை முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். இது பெரிய ஆபத்து.

மூத்த கேரர்களின் சம்பளம் தனிப் பிரச்சினை. இந்தத் துறையில் ஐந்து ஆண்டு அனுபவம் உள்ளவருக்கும் நேற்று வந்தவருக்கும் மணிக்குச் சில பென்ஸ்தான் வித்தியாசம். குறைந்தபட்ச ஊதியம் கீழிருந்து ஏறுகிறது, மேலே உள்ளவர்களுக்கு ஏறுவதில்லை, இரண்டும் ஒட்டிக்கொண்டன. படுக்கைப் புண் ஆரம்பிப்பதைத் தோலின் நிறத்திலேயே கண்டுபிடிக்கும் ஒரு கேரரை, முதல் நாள் ஆளின் சம்பளத்தில் வைத்திருப்பது நியாயமே இல்லை. ஒவ்வொரு பேட்டைக்கும் ஒரு தலைமைக் கேரர், புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் மணிகளுக்குக் கூடுதல் சம்பளம் என்று எங்களால் முடிந்ததைச் செய்தோம். இன்னும் போதாது. இந்தத் துறைக்கென்று ஊதியப் பேச்சுவார்த்தை அமைப்பு ஒன்றைக் கொண்டுவந்து 2028இலிருந்து 50 கோடி பவுண்டு தருவதாக அரசு சொல்லியிருக்கிறது. பல லட்சம் பேருக்குப் பிரித்தால் அது எவ்வளவு சின்னத் தொகை என்பது கேரர்களுக்கே தெரியும்.

கவுன்சிலின் பங்குக்கு வருகிறேன். 2014ஆம் ஆண்டின் கேர் சட்டத்தில் ஐந்தாவது பிரிவு, உள்ளூரில் நல்ல பராமரிப்புச் சந்தை இருப்பதை உறுதிசெய்வது கவுன்சிலின் கடமை என்கிறது. அதே பிரிவில், நல்ல சேவை தரக்கூடிய பணியாளர்களை வளர்ப்பதன் முக்கியத்துவத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று இருக்கிறது. ஏஜென்சிகளுக்கான கூட்டங்களில் விலை பற்றிப் பேசும்போது இந்தப் பிரிவை எடுத்துக் காட்டுவேன். வெறுமனே "எங்களுக்கு நஷ்டம்" என்றால் எழுதிக்கொள்வார்கள், அவ்வளவுதான். "இந்த விலையில் பயண நேரத்துக்குச் சம்பளம் கொடுக்க முடியாது, இதோ கணக்கு" என்று ஒரு கேரரின் ஒரு நாளை மணி மணியாகத் தாளில் போட்டுக் கொடுத்தால் பேச்சே மாறுகிறது.

அப்படிப் பேசிக் கிடைத்தவற்றில் மிகப் பெரிய பலன், திட்டமிட்ட நேரத்துக்குப் பணம் கொடுப்பது. முன்பெல்லாம் கேரர் வீட்டுக்குள் நுழைந்ததும் வெளியே வந்ததும் போனில் பதிவாகி, இருந்த நிமிடங்களுக்கு மட்டும் பணம் வரும். 30 நிமிட விசிட் 24 நிமிடத்தில் முடிந்தால் 24க்கே காசு. அடுத்த வீட்டில் ஒருவர் வழுக்கி விழுந்து 50 நிமிடம் ஆனால் கூடுதல் வராது. இப்போது குறிப்பிட்ட எல்லைக்குள் ஏற்ற இறக்கம் இருந்தால் முழு விசிட்டுக்கும் பணம். இதனால் எனக்கு வரும் மாத வருமானம் முன்கூட்டியே தெரிகிறது, தெரிந்தால்தான் நிச்சயமான மணி நேரம் கொடுக்க முடியும். பில் அனுப்பி வாரக்கணக்கில் காத்திருப்பதையும் குறைக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். கேரர் சம்பளம் காத்திருக்காது, சின்ன ஏஜென்சிகள் மூடப்படுவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான்.

பதினைந்து நிமிட விசிட் பற்றியும் சொல்ல வேண்டும். மருத்துவ, பராமரிப்பு வழிகாட்டல்களை வெளியிடும் நைஸ் (NICE) அமைப்பு 2015இல் வெளியிட்டதில், விசிட் அரை மணிக்குக் குறையக் கூடாது என்று இருக்கிறது. ஏற்கெனவே பழகிய கேரர், மாத்திரை எடுத்தாரா என்று பார்ப்பது போன்ற சின்ன வேலைக்குப் போனால் மட்டும் விதிவிலக்கு. யூனிசன் தொழிற்சங்கம் 2012இல் கொண்டுவந்த நெறிமுறைச் சாசனமும் பதினைந்து நிமிட விசிட்டை வழக்கமாக்கக் கூடாது என்கிறது, பயண நேரச் சம்பளத்தையும் கேட்கிறது. சதர்க், இஸ்லிங்டன் போன்ற கவுன்சில்கள் அதில் முன்பே கையெழுத்திட்டன. உங்கள் கவுன்சில் கையெழுத்திட்டிருக்கிறதா என்று உங்கள் வார்டு கவுன்சிலரிடம் கேளுங்கள். தமிழர் அதிகம் உள்ள வார்டுகளில் கோவில் அனுமதி, பார்க்கிங் பற்றியெல்லாம் கேட்கிறோம், இதைக் கேட்பதில்லை.

ஒரு பேட்டைக்கு ஓர் ஏஜென்சி என்று வைத்துவிடலாமே என்று சிலர் சொல்கிறார்கள். அங்கே நான் தயங்குவேன். 2011இல் சதர்ன் கிராஸ் நிறுவனம் விழுந்தபோது ஏறக்குறைய 750 முதியோர் இல்லங்களும் 31,000 பேரும் அந்தரத்தில் நின்றார்கள். 2018இல் அல்லைட் ஹெல்த்கேர் என்ற வீட்டுப் பராமரிப்பு நிறுவனம் ஆட்டம் கண்டபோது எண்பதுக்கும் மேற்பட்ட கவுன்சில்கள் தங்கள் வீட்டுப் பராமரிப்பை வேறு கைகளுக்கு மாற்ற ஓடின. ஒரு பேட்டைக்கு இரண்டு பிரதான ஏஜென்சி, அவசரத்துக்கு மூன்றாவது ஒன்று என்பது எனக்குச் சரியாகப் படுகிறது. பேட்டை சின்னதாக இருக்க வேண்டும். பெரிய பேட்டையை வரைந்தால் பெரிய நிறுவனங்கள்தான் விலை சொல்ல முடியும். ஒரு தெருவின் மொழியும் கோவிலும் மசூதியும் தெரிந்த சின்ன ஏஜென்சிகள் காணாமல் போகும்.

விசாவில் வந்த நம் பிள்ளைகள் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. தமிழ்நாட்டில் நர்சிங் படித்துவிட்டு, வீட்டு நகையை விற்று லட்சக்கணக்கில் ஏஜென்டிடம் கொடுத்து வந்தவர்களைச் சந்தித்திருக்கிறேன். ஒரு பெண்ணுக்கு வாரத்துக்கு 39 மணி என்று, விசாவுக்காக முதலாளி கொடுத்த ஸ்பான்சர் சான்றிதழில் இருந்தது, கிடைத்தது பத்து மணிக்கும் கீழே. வாயைத் திறந்தால் ஸ்பான்சர்ஷிப் போய்விடும் என்று மிரட்டினார்கள். 2022 ஜூலைக்கும் 2024 டிசம்பருக்கும் இடையில் இந்தத் துறையில் 470க்கும் அதிகமான நிறுவனங்களின் ஸ்பான்சர் உரிமம் பறிக்கப்பட்டது, 39,000க்கும் அதிகமானோர் அந்த நிறுவனங்களோடு இணைந்திருந்தார்கள். உரிமம் பறிபோனால் வேறு ஸ்பான்சர் தேட வழக்கமாக 60 நாள்தான். 2025 ஏப்ரல் முதல், இங்கிலாந்தில் இப்படித் தவிப்பவர்களை முதலில் எடுக்க முயன்ற பிறகுதான் ஏஜென்சி வெளிநாட்டிலிருந்து எடுக்கலாம் என்று விதி வந்தது, அந்த வெளிநாட்டு வழியும் ஜூலையில் மூடியது. அவர்களை வேலையோடு இணைக்க வட்டார அளவில் உதவி மையங்களும் அமைக்கப்பட்டன. இந்த நாட்டில் வேலை தேடித்தரக் கட்டணம் வாங்குவது சட்டப்படி குற்றம். யாருக்கு, எப்போது, எவ்வளவு கொடுத்தீர்கள் என்ற வங்கித் தாளையும் வாட்ஸப் உரையாடலையும் அழிக்காமல் வையுங்கள். நாங்கள் எடுத்த அப்படிப்பட்ட ஒருவர் இப்போது ஒரு பேட்டையின் தலைமைக் கேரர்.

கடைசியாக, குடும்பங்களுக்கு. கவுன்சிலிடம் மதிப்பீடு கேட்பது உங்கள் உரிமை, அதற்குக் காசு கிடையாது. பார்த்துக்கொள்கிற மகளுக்கும் மருமகளுக்கும் தனியாக ஒரு மதிப்பீடு உண்டு, அதை நம் வீடுகளில் யாருமே கேட்பதில்லை. சேமிப்பு 23,250 பவுண்டுக்கு மேல் இருந்தால் முழுச் செலவும் உங்களுடையது, ஆனால் வீட்டிலேயே பராமரிப்பு என்றால் குடியிருக்கும் வீட்டின் மதிப்பு அதில் சேராது. வீடு போய்விடும் என்ற பயத்தில் உதவி கேட்காமலே இருந்துவிட்ட பல குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். முதியவர்களுக்கான அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் என்ற அரசு உதவித்தொகை வருமானம் பார்க்காமல் தரப்படுவது, 2025-26இல் அது வாரத்துக்கு 73.90 அல்லது 110.40 பவுண்டாக இருந்தது. விசா நிபந்தனை உள்ள பெற்றோர் என்றால் விண்ணப்பிக்கும் முன் ஆலோசனை கேளுங்கள். கவுன்சில் பணத்தை நேரடியாக வாங்கி நீங்களே ஆள் வைத்துக்கொள்ளலாம், தெரிந்த தமிழ்க் கேரர் இருந்தால் நல்ல வழி. ஆனால் அப்போது நீங்கள் முதலாளி, காப்பீடும் விடுமுறைச் சம்பளமும் உங்கள் பொறுப்பு. ஒரே வீட்டில் வாழும் நெருங்கிய உறவினருக்கு அந்தப் பணத்தைக் கொடுக்கப் பொதுவாக அனுமதியில்லை.

ஏஜென்சியைத் தேர்ந்தெடுக்கும்போது விலையைக் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்: ஒரு வாரத்தில் எத்தனை வெவ்வேறு பேர் வருவார்கள்? ஞாயிறு யார்? பயண நேரத்துக்குச் சம்பளம் உண்டா? மழுப்பினால் வேறு ஏஜென்சி பாருங்கள். வேலை ஆரம்பித்த பிறகு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டி, வந்த கேரரின் பெயர், வந்த நேரம், போன நேரம், சாப்பிட்டது என்ன என்று எழுதிவையுங்கள். ரிவியூவுக்கு சோஷியல் வொர்க்கர் வரும்போது அதன் நகலைக் கையில் கொடுத்து, ஏஜென்சிக்கும் ஒன்று அனுப்புங்கள். எனக்கு அப்படி வந்த தாள்களை வைத்துத்தான் கவுன்சிலிடம் கூடுதல் பதினைந்து நிமிடம் கேட்டு வாங்குகிறேன்.